ஒரே வகுப்பு, நான்கு ரசீதுகள்

பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கும் முன்பே போன் வந்துவிடுகிறது. "சார், பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பிளாக் பண்ணிடலாமா? கொஞ்சம்தான் இருக்கு." எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் போன ஜனவரியில் அப்படியொரு போனை நம்பி 25,000 ரூபாய் கட்டிவிட்டு வந்தார். மே மாதம் மகன் கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 92 வாங்கினான். ரசீதின் பின்பக்கத்திலேயே கட்-ஆஃப் போட்டுப் பார்த்தேன். கணிதம் முழுதாக 96, மற்ற இரண்டிலும் பாதிப் பாதி: 45, 46. ஆக 200-க்கு 187. அரசின் பொறியியல் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்கும் மதிப்பெண் அது. அவர் முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

"இப்பவே புக் பண்ணலேன்னா சீட் போயிடும்" என்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். அதில் உண்மை மிகக் குறைவு. தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள் (சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம்) அரசு ஒதுக்கீட்டுக்கு வந்தாக வேண்டும். அந்த இடங்களை மதிப்பெண் வராத ஜனவரியில் யாராலும் விற்க முடியாது. எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு, துணைக் கலந்தாய்வும் முடிந்த பிறகு, ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. போதாததற்கு, நன்றாக இயங்கும் கல்லூரிகள் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) நீக்கிவிட்டது. அதன்பின் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு கூட்டியது கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைத்தான். 'நன்கொடை' வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதலே இருக்கிறது. அதனால்தான் ரசீதில் அந்தச் சொல் வருவதில்லை. அண்ணனின் ரசீதில் 'பதிவுக் கட்டணம்' என்று அச்சடித்திருந்தது.

அடுத்த நம்பிக்கை இன்னும் ஆழமானது: "அந்தக் காலேஜா? ஃபீஸ் ஜாஸ்தியாச்சே!" கட்டணம் ஏதோ கல்லூரியின் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பது போல நாம் பேசுகிறோம். உண்மையில் கட்டணம் கல்லூரிக்கு அல்ல, நீங்கள் நுழையும் வாசலுக்கு.

தேசிய அங்கீகார வாரியத்தின் (என்பிஏ) அங்கீகாரம் பெற்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்இ) வகுப்பு ஒன்றில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு 2017-ல் போட்ட கணக்குப்படி, நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவருக்கு ஆண்டுக்கு 87,000 ரூபாய். கலந்தாய்வில் வந்தவருக்கு 55,000. அதே கலந்தாய்வில் வந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழும் கொடுத்தவருக்கு அரசு 25,000 தருகிறது. அவர் கையிலிருந்து போவது 30,000. நாலாவது மாணவி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர். 2021-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றதால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. போதாக்குறைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நாலு பேருக்கும் ஒரே வாத்தியார், ஒரே லேப், ஒரே டிகிரி. (குழு கட்டணத்தைத் திருத்தலாம், சேரும் ஆண்டின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு வாசல் மாறும் என்பது மாறாது.)

பலர் கவனிக்காத ஒன்று: குழு நிர்ணயித்த அந்தத் தொகைக்குள் ஆய்வகம், நூலகம், கம்ப்யூட்டர், இன்டர்நெட், விளையாட்டு எல்லாமே அடக்கம். 'லேப் ஃபீஸ்' என்று தனியாக ஒரு ரசீது நீட்டினால், எந்தக் கணக்கில் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பஸ்ஸும் விடுதியும் மட்டும் வேறு கணக்கு. பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இவைதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 'மலிவான' கல்லூரியின் பஸ் கட்டணத்தையும் கூட்டிவிட்டு அப்புறம் மலிவு என்று சொல்லுங்கள்.

இந்தச் சலுகைகள் எல்லாம் எங்கே சேர்ந்தாலும் கிடைக்கும் என்று நினைப்பது எதிர்த்திசைத் தவறு. முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாக வந்தால்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கலந்தாய்வுக்குள்ளேயே இல்லை. அங்கே கட்டணம் அவர்கள் வைப்பதுதான்.

"கவர்மென்ட் காலேஜ்னா சும்மாதானே இருக்கும்?" 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரிதான் மாநிலத்தில் மிகக் குறைந்த கட்டணக் கல்லூரிகளில் ஒன்று, அங்கே சிஎஸ்இ இடம் பிடிப்பதுதான் கலந்தாய்விலேயே மிகக் கடினம். கோவை ஜிசிடி, காரைக்குடி அழகப்பா செட்டியார், சேலம், திருநெல்வேலி, பர்கூர் என்று அரசுக் கல்லூரிகளின் பட்டியல் நீளம். மதுரை தியாகராஜர், கோவை பிஎஸ்ஜி போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகள் வேறு. ஆனால் இங்கே ஒரு கண்ணிவெடி உண்டு. கலந்தாய்வுப் பட்டியலில் பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எஸ்எஸ்' என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கும். சுயநிதிப் பிரிவு என்று பொருள். அரசு கேட்டுக்குள்ளேயே இருந்தாலும் கட்டணம் அரசுக் கட்டணம் அல்ல. விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கல்லூரிப் பெயரைப் பார்த்த வேகத்தில் இந்த இரண்டு எழுத்தைத் தவறவிட்டு, முதல் நாள் கட்டணக் கவுன்டரில் முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறைந்த கட்டணம் என்றாலே தரம் என்றும் சொல்லவில்லை. 2024-ல் ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டபோது மாநிலமே சிரித்தது. சிரிக்கக் கூடாத விஷயம். ஆகவே ஒரு வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்குப் போங்கள். காலை பதினொரு மணிக்கு கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்கிறதா, உள்ளே பையன்கள் இருக்கிறார்களா, துறையின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர்களில் எத்தனை பேர் உண்மையில் அறையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. விளம்பரப் பலகையை விட அது நேர்மையானது.

பலகை என்றதும் '100 சதவீத பிளேஸ்மென்ட்' நினைவுக்கு வருகிறது. யாரில் நூறு சதவீதம்? அரியர் இல்லாத, கல்லூரி வைத்த தேர்வில் தேறிய, 'தகுதியுள்ள' மாணவர்களில். வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதிகபட்ச சம்பளம் வாங்கிய ஒருவரின் படத்தைக் காட்டினால், டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பி.இ. இல்லாவிட்டால் ஐடி வேலையே இல்லை என்பதும் பழைய கதை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் மூன்றே வருடம். டிசிஎஸ், விப்ரோ இரண்டுமே பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களுக்கென்றே தனித் தேர்வு வைத்து எடுக்கின்றன. விப்ரோ வேலையோடு எம்.டெக். படிக்கவும் வைக்கிறது. மேலே படிக்க நினைத்தால் எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம். தொடக்கச் சம்பளம் பல இடங்களில் பி.இ. படித்தவரைவிடக் குறைவாக இருக்கும், மறைக்கத் தேவையில்லை. கடனில்லாமல் தொடங்கும் சம்பளம் அது. ஐஐடி மெட்ராஸின் தரவு அறிவியல் பட்டத்துக்கு ஜேஇஇ வேண்டாம். நாலு வாரப் பாடம், ஒரு தகுதித் தேர்வு, பெரும்பகுதி இணையவழி. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு மட்டும்தான் அது.

ஆட்டோ அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நடை நடந்த பிறகு பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மீதி 'புராசஸிங் சார்ஜ்'. படிப்பு தொடங்கும் முன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சேர்க்கைக்குப் போகும் நாளில் மதிப்பெண் சான்றிதழையும் டிசியையும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலைக் கையில் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.