சங்ககிரி மலைக்கோட்டை

நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் நாட்டுக்கு அரண் எனக் கொண்டனர் பழந்தமிழர். திருக்குறளின் பொருட்பாலில் அரணுக்கெனவே ஓர் அதிகாரம் உண்டு. இந்நான்கனுள் மனிதனுக்கு மிகுந்த உழைப்பை மிச்சப்படுத்துவது மலையே. பாதி மதிலை இயற்கையே எழுப்பி வைத்துவிடுகிறது. எஞ்சிய பாதியை மன்னன் கட்டினால் போதும். கொங்கு நாட்டில் இவ்வுண்மையை நேரிற் காண விழைவோர் சங்ககிரிக்குச் செல்லுதல் வேண்டும்.

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே, தறியொலி ஓயாத சோமனூரைத் தொட்டுக்கொண்டு செல்லும் இருப்புப்பாதை, ஈரோட்டைக் கடந்து, காவிரியின்மீது பாலமேறி, சேலம் நோக்கி விரைகின்றது. ஆற்றைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும், சமவெளியினின்று திடீரென எழுந்து நிற்கும் பெருங்குன்று ஒன்று கண்ணிற்படும். அதுவே சங்ககிரி. ஒரு பக்கமிருந்து நோக்கினால் சங்கு போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். 'துருக்கம்' என்னும் சொல்லையும் சேர்த்து வழங்குவதுண்டு. அடைதற்கு அரியது என்பது அதன் பொருள்.

மலையேறத் தொடங்குவோர்க்கு அப்பொருள் விரைவில் விளங்கிவிடும். அடிவாரம் முதல் உச்சிவரை ஒன்றன்பின் ஒன்றாக மதில்கள் சூழ்ந்துள்ளன. ஒவ்வொரு மதிலுக்கும் ஒரு வாயில். வாயில்கள் நேர்க்கோட்டில் அமையவில்லை. ஒன்றைக் கடந்தவன் உடனே திரும்ப வேண்டும், திரும்பிய இடத்தில் படிகள் செங்குத்தாக உயரும். இஃது அழகுக்காகச் செய்ததன்று. ஓடிவரும் படை திருப்பத்தில் தன் வேகத்தை இழக்கும்; கதவை இடித்துத் தகர்க்கும் பெருமரத்தைப் பின்வாங்கி ஓங்கவும் இடம் இராது. அந்நேரத்தில் மேல்மதிலின் துளைகளிலிருந்து துப்பாக்கிகள் முழங்கும். முதல் வாயிலைப் பிடித்தவன் கோட்டையைப் பிடித்தவன் ஆகான். அடுத்த வாயிலின் அடியில் நிற்கும் இலக்கே ஆவான்.

ஆயினும் மலைக்கோட்டையின் உயிர் மதிலில் இல்லை, நீரில் இருக்கிறது. கீழே முற்றுகையிட்டிருக்கும் பகைவன் மாதக்கணக்கில் காத்திருப்பான். மேலே நீர் வற்றிவிட்டால் எத்துணை உயர்ந்த மதிலும் பயன்படாது. ஆதலின் பாறைப் பள்ளங்களில் தேங்கும் மழைநீரைச் சுனைகளாகவும் குளங்களாகவும் காத்து வைத்தனர். தானியக் கிடங்கும், வெடிமருந்துச் சாலையும், கோயிலும், தர்காவும் மலைமேல் அமைந்தன. படை வீரர் பல்வேறு சமயத்தினராய் இருந்தமைக்கு இவையே சான்று.

விசயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்ததாகக் கூறப்படும் இக்கோட்டை, பின்னர் மைசூர் அரசினர்க்கு உரியதாயிற்று. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இதனைத் தம் படைத்தளங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி சேலம் பகுதி ஆங்கிலக் கும்பினியாரிடம் சென்றபோது, சங்ககிரியும் உடன் சென்றது. இத்தனை வாயில்களும் திருப்பங்களும் தடுக்க இயலாத வழி ஒன்று இருந்தது. அது காகிதத்தில் எழுதப்பட்டது.

கோட்டை கைமாறியபின் அதன் தொழிலும் மாறியது. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756 ஆம் ஆண்டு பிறந்தவர் தீர்த்தகிரி. கொங்கு நாட்டு வரிப்பணம் சங்ககிரி வழியாக மைசூருக்குச் செல்லுகையில் அதனை இடைமறித்துப் பறித்து, சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் இடையே ஒரு சின்னமலை இருப்பதாகச் சொல்லுங்கள் என அவர் கூறியனுப்பினார் என்பது வழிவழி வரும் செய்தி. அப்பெயரே அவருக்கு நிலைத்தது. திப்பு 1799 ஆம் ஆண்டில் வீழ்ந்தபின், அவர் ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கும்பினியாரை எதிர்த்துப் போரிட்டார். சமவெளிக் கோட்டையாகிய ஓடாநிலை பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்கவில்லை, தரைமட்டமாயிற்று. பின்னர்ப் பிடிபட்ட தீரன் சின்னமலை, தம் உடன்பிறந்தாருடன் 1805 ஆம் ஆண்டு சூலை 31 ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். பகைவர் உள்ளே வாராமல் காக்க எழுந்த மதில்கள், உள்ளிருப்பவர் வெளியேறாமல் காக்கும் சிறையாயின. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் நாளில் கொங்கு மக்கள் அவரை நினைந்து வணக்கம் செலுத்துகின்றனர்.

சமவெளிக் கோட்டைகளுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. 1791 ஆம் ஆண்டில் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கிய கோவைக் கோட்டை இன்று இல்லை. கோட்டைமேடு என்னும் தெருப்பெயரே எஞ்சியிருக்கிறது. நகரம் அதனை விழுங்கிவிட்டது. மலைமேல் வீடு கட்ட யாரும் விரும்பாமையே சங்ககிரியைக் காத்தது எனலாம்.

சப்பான் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு மலைக்கோட்டைகள் கல் அடித்தளத்தின்மீது மரத்தால் எழுப்பப்பட்டவை. ஏறத்தாழ 350 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல் இருந்த தக்கேதா கோட்டை, அதன் தலைவர் 1600 ஆம் ஆண்டில் உயிர்துறந்தபின் கைவிடப்பட்டது. மரம் மண்ணாயிற்று, கற்சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கூதிர்காலக் காலைகளில் பள்ளத்தாக்கை மூடும் மூடுபனிக்குமேல் அவை மிதப்பனபோல் தோன்றுமாதலின், காண்போர் விடியுமுன்னரே மலையேறிக் காத்திருப்பர்.

பிச்சூ மட்சுயாமா என்னும் கோட்டையின் வரலாறு வேறு. 1873 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு கோட்டைகளை ஒழிக்க ஆணையிட்டது, பல இடிக்கப்பட்டன. 430 மீட்டர் உயரத்தில் நின்ற இதனை இடித்து இறக்குவதே பெருந்தொல்லை என விட்டுவிட்டனர். கூரை சரிந்தது, புதர் மண்டியது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அக்கோட்டையை ஆராய்ந்து நூலொன்று எழுதிய பிறகே மக்கள் அதனைத் திரும்பிப் பார்த்தனர்.

சங்ககிரிக் கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அரசு பாதுகாப்பது அறிவிப்புப் பலகையளவில் தெளிவாகத் தெரிகிறது. ஏறிவருவோருள் சிலர் கூரிய கல்லால் சுவரில் தம் பெயரைக் கீறிச் செல்வதும் அவ்வாறே தெரிகிறது. பிச்சூ மட்சுயாமாவில் 1940 ஆம் ஆண்டளவில் திருப்பணி நடந்தபோது மலைப்பாதையில் வண்டி செல்ல வழியில்லை. கூரைக்கு வேண்டிய ஓடுகளை அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் சுமந்து உச்சிக்குக் கொண்டு சேர்த்தனர்.