பாப்பாவுக்குத் தண்ணீர் வேண்டாம்

அறிவியல் பக்கத்துக்கு ஏதாவது எழுது என்று டீச்சர் சொன்னதும் எனக்கு எங்க அக்கா பாப்பா ஞாபகம்தான் வந்தது. இதில் நான் செய்த தப்பும் இருக்கு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பாப்பா பிறந்தது மாசி மாதம். எடை 2 கிலோ 800 கிராம். முதல் சில நாள் மஞ்சளாக, கெட்டியாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடணும் என்றாள் ஆச்சி. நர்சம்மா விடவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் அதிகமாம். சேனை வைக்கத் தேனோடு வந்த பெரியம்மாவையும் தடுத்துவிட்டார்கள். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், பச்சைக் குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சு உண்டாக்கும், அதனால் ஒரு வயது வரை தேனே கூடாது என்றார்கள்.

அப்புறம் அக்னி நட்சத்திரம் வந்தது. பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். அக்கா தூங்கும் நேரம் ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “பச்ச மண்ணு, நாக்கு வறண்டு கிடக்குல்லா, ரெண்டு சங்கு தண்ணி குடு தாயி” என்பாள். நானும் பாவம் பார்த்துக் கொடுத்தேன். தினமும் நாலைந்து தடவை. அக்காவிடம் சொல்லவில்லை. நடுவில் இரண்டு தடவை பாப்பாவுக்கு வயிற்றாலே போனது. அப்பவும் சொல்லவில்லை.

அங்கன்வாடியில் எடை பார்த்தோம். இரண்டாம் மாதம் 4 கிலோ 300 இருந்தவள் மூன்றாம் மாதம் 4 கிலோ 500தான். அட்டையில் ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. பச்சையில் இருந்து மஞ்சள் ஓரத்துக்கு வந்துவிட்டது. “தாய்ப்பால் தவிர வேற என்ன குடுக்கீங்க?” என்று அங்கன்வாடி டீச்சர் கேட்டாங்க. அக்கா ஒண்ணுமில்லை என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாத்தையும் சொன்னேன்.

அவங்க திட்டவில்லை. விளக்கினாங்க. தாய்ப்பாலில் 100க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயில் காலத்திலும் அதுவே தாகத்துக்குப் போதும். சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்தால் பிள்ளை பால் குடிக்காது. குடிக்காவிட்டால் பாலும் குறையும். பிட்யூட்டரியில் இருந்து புரோலாக்டின் என்று படித்தோம் இல்லையா, அது பிள்ளை சப்பச் சப்பத்தான் சுரக்கும். பால் போதுமா என்று பார்க்கவும் வழி இருக்கு: ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் போதும். சங்கு, தண்ணீர் வழியாகக் கிருமி போனதில்தான் வயிற்றுப்போக்கும் வந்திருக்கும் என்றாங்க.

அன்றைக்கே சங்கைப் பரணில் போட்டோம். ஆச்சிக்குக் கோபம். “நாங்க வளர்க்காத பிள்ளையா?” என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து தொட்டிலை ஆட்டினாள். பாப்பாவோடு பேசுவதும் பாடுவதும் அவள் வேலைதான். மூளை வளர அதுவும் வேணுமாம், டீச்சர் சொன்னதைக் கேட்டு ஆச்சிக்கு ஒரே பெருமை. நாலாம் மாதம் எடை 5 கிலோ 300.

ஆறு மாதம் முடிந்த பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்புச்சத்து அப்போது தீர ஆரம்பிக்கும். கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், கீரை எல்லாம் மசித்துக் கொடுக்கிறோம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, அந்தப் பதம். நீர்க்கக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து இருக்காது. தாய்ப்பாலை இரண்டு வயது வரைக்கும் அதுக்கு மேலும் கொடுக்கலாம்.

இப்போது எட்டு மாதம். எடை 7 கிலோ 200. பூசணிக்காய் என்றால் வாயைத் திறக்கிறாள், முட்டையைத் துப்பிவிடுகிறாள். புது ருசி பழக எட்டுப் பத்துத் தடவை கூட ஆகும், விடாமல் கொடுத்துப் பாருங்க என்று டீச்சர் சொல்லியிருக்காங்க. நேற்றோடு நாலு தடவை ஆச்சு.