முப்பரிமாணத் திரை போதுமா?

கேள்வி: விமானி அறையில் மலையையும் ஓடுபாதையையும் முப்பரிமாணமாகக் காட்டும் திரை வந்துவிட்டதே, இனி பழைய வரைபடத் திரை எதற்கு?

பதில்: இரண்டின் வேலையும் வேறு வேறு. 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானம், விமானிகள் கணினியில் ‘ஆர்’ என்று ஓர் எழுத்தைத் தட்டியதால் வேறொரு வழிகாட்டி நிலையத்தை நோக்கித் திரும்பி, தடம் மாறி மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். அந்த போயிங் 757-இன் திரையில் பாதை தெரிந்தது, மலை தெரியவில்லை. ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தோடு நில உயரத் தரவைப் பொருத்தி, இருட்டிலும் மேகத்திலும் எதிரே உள்ள மலையை வரைந்து காட்டும் முப்பரிமாணத் திரை இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது.

ஆனால் அதில் தெரியும் சிகரம் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறதா, பத்தில் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் சொல்வது கடினம். பார்வைக்கோடு நெடுக உள்ள தூரம் படத்தில் சுருங்கிவிடும். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அதை அளந்துவிடலாம். இரண்டு திரை கவனத்தைச் சிதறடிக்காதா என்றால், வேகமும் உயரமும் முப்பரிமாணப் படத்தின் மேலேயே எண்களாக ஓடுவதால் கண் அதிகம் அலைவதில்லை. இன்னொன்று: ஜி.பி.எஸ். சமிக்ஞையை யாராவது குழப்பினால், மலை தவறான இடத்தில் வெகு தெளிவாகத் தெரியும். படம் அழகாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது. தரையிலிருந்து உள்ள உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ உயரமானியோடு அதை ஒத்துப்பார்க்கும் பழக்கம் போகக் கூடாது.