அடுக்குமாடியில் அண்டை அயலார்

சமய நல்லிணக்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மேடையும் மாலையும் சொற்பொழிவுமே. ஆண்டுக்கொரு நாள் பல சமயத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்வதில் தவறேதுமில்லை. ஆனால் எஞ்சிய 364 நாள்களில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் குடும்பங்கள் எவ்வாறு வாழ்கின்றன? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அதனையே.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு அது. அங்குள்ள குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 74 பேர் சீனர். 13 பேர் மலாய்க்காரர். 9 பேர் இந்தியர். பௌத்தம், தாவோ, இஸ்லாம், கிறித்தவம், இந்து சமயம் ஆகியவற்றோடு நம் சமண சமயத்தைச் சார்ந்தவரும் சிறு தொகையினராய் வாழ்கின்றனர். 1949இல் அங்குத் தோன்றிய சமயங்களிடை அமைப்பில் இன்று இடம்பெற்றுள்ள பத்துச் சமயங்களுள் சமணமும் ஒன்று.

இந்நகர் தொடக்கத்திலேயே ஒன்றி வாழ்ந்ததன்று. 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் சீனர்க்கு ஒரு பகுதி, மலாய் முஸ்லிம்களுக்கு ஒரு பகுதி, தமிழகக் கரையிலிருந்து சென்ற சூலியர்க்கு ஒரு பகுதி எனப் பிரித்தே வைத்தது. பிரிந்து வாழ்ந்தவர் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்ந்தனர் என்று சொல்லிவிட முடியாது. சீனர் பகுதியிலுள்ள சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலும் சூலியர் பள்ளிவாசலும் இன்றளவும் அருகருகே நிற்கின்றன. வாட்டர்லூ தெருவில் குவான் இம் ஆலயத்திற்கு வரும் சீனர், பக்கத்துக் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுவத்தி ஏற்றி வணங்கிச் செல்வர். ஆயினும் 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரமும், அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் எழுந்த கலவரமும் 36 உயிர்களைக் கொண்டன. அருகிலிருக்கும் ஆலயங்கள் மட்டும் மக்களைக் காத்துவிடவில்லை.

1960இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடிசைகளையும் சிற்றூர்களையும் அகற்றி அடுக்குமாடிகளை எழுப்பியது. பலரும் கலந்தே குடியேறினர். ஆனால் வீடுகள் கைமாறத் தொடங்கியதும், அந்தந்த இனத்தார் தத்தம் இனத்தார் பக்கமே நகர்ந்தனர். 1980களின் இறுதியில் பிடோக், தெம்பனிஸ் பகுதிகளில் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும், ஈசூனில் இந்தியரும் மிகுதியாகத் திரள்வது புலப்பட்டது. தேசிய வளர்ச்சி அமைச்சராயிருந்த தனபாலன் காலத்தில், 1989 மார்ச்சில், இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தார்க்கும் ஓர் உச்சவரம்பு. 2010இன் திருத்தத்திற்குப் பின் சீனர்க்கு 87 விழுக்காடு, மலாய்க்காரர்க்கு 25, இந்தியர்க்கும் பிறர்க்கும் 15 என்பது கணக்கு. நாட்டு மக்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இவ்வீடுகளிலேயே வாழ்வதால், இவ்விதி தொடாத குடும்பங்கள் சிலவே.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் வகுப்பறை மேலாண்மையைக் கற்பித்த காலத்தில் முதலில் வலியுறுத்தியது இருக்கை ஒழுங்கையே. தாமே அமரவிட்டால் பிள்ளைகள் ஒரே தெருவினராய், ஒரே உறவினராய்த் திரள்வர். கலந்து அமர்த்துவது ஆசிரியர் கடமை. அதற்குமேல், பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சிலை இரவல் கொடுக்கும்படி எந்த இருக்கைப் படமும் செய்துவிடாது.

அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்வது கட்டட அமைப்பு. கீழ்த்தளத்தில் வீடுகள் கட்டாமல், தூண்களுக்கிடையே திறந்த வெளியாக விட்டுள்ளனர். இந்த வாரம் மலாய்க்காரர் திருமணம். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு நீத்தார் சடங்கு. மேல்மாடியிலிருப்பவர் இரண்டையும் கடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் முன்னோர்க்குத் தாள் எரிப்போர்க்கெனத் தொட்டிகள் வைக்கப்படுகின்றன. உணவங்காடி பலவற்றில், உண்ட தட்டுகளைத் திருப்பி வைக்க முஸ்லிம் உணவுக்குத் தனி அடுக்கு, ஏனையவற்றுக்குத் தனி அடுக்கு. ஒரே மேசையில் அமரலாம். தட்டுகள் மட்டும் கலவா.

இவ்வொழுங்கிற்கு விலையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனர்க்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைவதால் விலையும் குறைகிறது. பொதுநன்மையின் சுமை சிறுபான்மையினர் தோளில் கூடுதலாக இறங்குவதை அரசும் ஒப்புக்கொண்டது. 2022 முதல், தகுதியுடைய சிலரின் வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி ஏற்பட்டுள்ளது. காலந்தாழ்ந்த ஏற்பாடு என்பதே நம் கருத்து.

விதி எட்டாத இடம் ஒன்றுண்டு. அது அடுக்களை. சீனாவிலிருந்து புதிதாய்க் குடியேறிய குடும்பம் ஒன்று, அண்டையிலிருந்த இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனையைத் தாங்க இயலாது முறையிட்டது. இந்தியக் குடும்பத்தார் கதவு சன்னல்களைச் சாத்திச் சமைத்தும் முறையீடு ஓயவில்லை. சமூக சமரச நிலையத்தில், அண்டையார் வீட்டிலில்லாத வேளையில் மட்டுமே குழம்பு சமைப்பதென உடன்பாடு ஆயிற்று. 2011 ஆகஸ்டில் இச்செய்தி நாளிதழில் வந்ததும் நாடே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று இன வேறுபாடின்றிப் பல்லாயிரவர் தம் வீட்டில் குழம்பு வைப்பதென உறுதி கூறினர். சீனரும் மலாய்க்காரரும் தமிழர் பக்கம் நின்ற அந்நாள் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவ்வுடன்பாட்டில் மறுபாதியும் இருந்தது. முறையிட்ட குடும்பத்தார் அக்குழம்பை உண்டு பார்க்க முயல வேண்டும் என்பதே அது. கூச்சலில் அது பெரும்பாலோர் காதில் விழவில்லை. எமக்கோ அதுவே உடன்பாட்டின் உயிராகத் தோன்றுகிறது. அடுத்தவர் அடுப்பை அணைக்கச் சொல்பவர், அவர் வாசற்படியையேனும் மிதித்திருக்க வேண்டாமா?

இவ்வினா நம்மவர்க்கும் உரியது. புலால் உண்போர்க்கு வீடு வாடகைக்கில்லை என்று சென்னையில் எத்தனை வீட்டு வாசல்களில் சொல்லப்படுகிறது! நோன்பு நோற்போர் இல்லத்தில் மீன் வாடை படுவதன் வேதனையை நாம் அறிவோம். அதனை எளிதாக எண்ணவில்லை. நம் சமையலறைத் தூய்மை நம் உரிமை. மேல்மாடியாரின் சமையலறையும் நம்முடையதா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசித்தான் பார்க்கவேண்டும்.

பயணம் செல்லவிருக்கும் வாசகர்க்கு ஒன்று சொல்லி வைப்போம். அவ்வூர் உணவங்காடிகளில் சீனப் பௌத்தர் நடத்தும் சைவ உணவுக் கடைகள் பல உண்டு. சீனத் திங்களின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே கூட்டம் நெரியும். நோன்பு முறைப்படி நடத்துவோர் புலாலோடு வெங்காயத்தையும் பூண்டையும் விலக்குகின்றனர். கிழங்கு வகைகளை விலக்குவதில்லை. ஆகவே தட்டை வாங்குமுன் கேட்டுக்கொள்வது நலம்.