விழிவழிக் கேள்வி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கிய மாணவி)

கேள்வியின் பெருமையைக் கூற வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை வகுப்பில் பாடம் கேட்ட நாளில் என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. காது கேளாமற் பிறந்த குழந்தைக்கு அக்கேள்விச் செல்வம் எவ்வழியே வரும்? என் தமக்கையின் மகளோடு ஓராண்டாகப் புத்தகம் படித்து நான் கண்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

குழந்தை இரண்டரை வயது வரை பேசவில்லை. "சில பிள்ளைகளுக்குப் பேச்சு மெல்லத்தான் வரும்" என்று உறவினர் கூறிய ஆறுதலை நம்பிக் காலத்தைக் கழித்துவிட்டோம். பரிசோதனையில் இரு காதுகளிலும் கடுமையான குறை தெரிந்தது. காதுக் கருவி மாட்டினார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினோம். கருவி ஒலியைப் பெரிதாக்கும், மொழியைக் கற்பிக்காது. மற்றக் குழந்தைகள் பெரியவர்கள் தமக்குள் பேசுவதை அரைகுறையாகக் கேட்டே ஆயிரம் சொற்களைச் சேர்த்துக் கொள்கின்றன. எங்கள் குழந்தைக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. மூளை மொழியைப் பற்றிக்கொள்ள மிகவும் ஆயத்தமாக இருக்கும் முதல் ஆண்டுகளில் பாதி போய்விட்டது என்பதை அறிந்தபோது எனக்கு அச்சமே உண்டாயிற்று.

நான் செய்த தவறு

காகமும் நரியும் உள்ள வடைக்கதைப் படப்புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். குழந்தையை மடியில் அமர்த்தி உரக்கப் படித்தேன். அவள் படத்தைப் பார்த்தால் என் முகத்தைப் பார்க்க முடியாது; முகத்தைப் பார்த்தால் படம் இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி இரைந்து கொண்டிருந்தது. கருவி என் குரலோடு அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதை நான் அறியேன். அவள் இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினாள். நான் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன். அவள் அழுதுகொண்டே ஓடிவிட்டாள். "கேக்காத புள்ளைக்குக் கதை எதுக்குடி ஆத்தா?" என்றார் அப்பத்தா. எனக்கு மறுமொழி தெரியவில்லை.

உதடு சொல்வதும் சொல்லாததும்

மறுமொழி நான் படிக்கும் இலக்கணத்திலேயே இருந்தது. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்துவதால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் கூறுகிறார். உதட்டை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடு இல்லை. பணியும் மணியும் ஒன்று; பாலையும் மாலையும் ஒன்று. நான் 'பாட்டி' என்று சொன்னது அவளுக்கு 'மாட்டி'யாகவும் இருந்திருக்கலாம். அடிநாவில் பிறக்கும் ககரமோ உதட்டில் தோன்றுவதே இல்லை. உதட்டசைவைப் படித்தே எல்லாம் அறிந்து கொள்ளலாம் என்பது எளிதான நம்பிக்கை அன்று.

வேற்றுமை உருபுகள் இன்னும் கடினமானவை. 'நரி காகத்தைப் பார்த்தது', 'நரியைக் காகம் பார்த்தது' என்னும் தொடர்களில் பார்த்தது யார் என்பதை 'ஐ' என்னும் ஓர் உருபே காட்டுகிறது. பேச்சில் அது சொல்லின் இறுதியில் மெலிந்து ஒலிக்கும். கருவி வழியே கேட்கும் காதுக்கு எளிதில் தப்பிவிடும். அச்சிட்ட ஏட்டிலோ அது எங்கும் ஓடிவிடாமல் நிற்கிறது. ஆகவே, காது கேட்கும் குழந்தையினும் காது கேளாத குழந்தைக்கே புத்தகம் மிகுதியாகத் தேவை. அப்பத்தாவுக்கு நான் பின்னர்ச் சொன்ன விடை இதுவே.

தையற்கடை அண்ணன் காட்டிய வழி

எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவர். ஒருநாள் தைத்த துணியைக் கொடுக்க வந்தவர், கிடந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழந்தைக்கு எதிரே தரையில் அமர்ந்தார். படத்தைக் காட்டினார், காத்திருந்தார். அவள் பார்த்து முடித்துத் தானாகவே நிமிர்ந்த பிறகுதான் அவர் கைகள் அசைந்தன. விரல்களை வாயருகே குவித்து அலகாக்கினார். நரியாக மாறியபோது கண்கள் சுருங்கின, தோள்கள் தாழ்ந்தன. வடை விழுந்த இடத்தைப் படத்தின் மீதே கையை இறக்கிக் காட்டினார். அவள் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டியபோது தடுக்கவில்லை. அங்கிருந்தே கதையைத் தொடர்ந்தார். ஒரு மாதமாக என்னால் இயலாததை அவர் கால் மணி நேரத்தில் செய்தார்.

அமெரிக்காவில் 1864இல் தொடங்கிய காலடெட் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. காது கேளாத பெரியோர் குழந்தைகளுக்குப் புத்தகம் படிக்கும் முறையைக் கண்டறிந்து, அதனை 15 நெறிகளாக அங்கே தொகுத்திருக்கின்றனர். அவற்றைப் பின்னர்ப் படித்தபோது எனக்கு வியப்பே உண்டாயிற்று. குழந்தையின் போக்கிலேயே செல்லுதல், பார்வைக்காகக் காத்திருத்தல், பாத்திரமாக மாறி நடித்தல், சைகையும் எழுத்தும் இரண்டும் கண்ணில் படும்படி வைத்தல் ஆகியவை அவற்றுட் சில. தையற்கடை அண்ணன் இவற்றை எந்நூலிலும் படித்தவர் அல்லர்.

இப்போது நாங்கள் செய்வது

மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். வெளிச்சம் என் முகத்தில் விழுமாறு, ஒரு கை எட்டும் தொலைவில் எதிரே அமர்கிறேன். புத்தகத்தை மார்போடு ஒட்டிப் பிடித்தால் படமும் முகமும் ஒரே பார்வையில் அடங்கும். படம், சைகை, பேச்சு, பின்னர் அச்சுச் சொல் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். வடையைக் கதையில் கண்ட அன்று அடுப்பங்கரையிலும் காண்கிறோம். ஒரே புத்தகத்தை முப்பது முறையேனும் படித்திருப்போம்.

சைகை கற்றால் பேச்சு வராது என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்திற்கு ஆதாரம் இல்லை. இந்திய சைகை மொழி தனக்கென இலக்கணம் உடைய மொழி. அதில் வினாச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். 2015இல் புதுதில்லியில் அதற்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. அம்மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. நானும் அக்காவும் அதைப் பார்த்தே கற்று வருகிறோம்.

சென்ற மாதம் ஒரு மாலை. குழந்தை நரியின் படத்தில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பசி என்று காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். நரிக்குப் பசியா என்பது அவள் வினா. அப்படி ஒரு வரி அந்நூலில் இல்லை; நாங்கள் கற்பித்ததும் இல்லை. கதைக்குள் நுழைந்து அவளே எண்ணிப் பார்த்திருக்கிறாள். "ஆமா தாயி, பசிதான்" என்று அப்பத்தாவும் தம் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

வரும் சூனில் அவள் பள்ளி செல்வாள். அங்கே ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினால் எங்கள் ஓராண்டு உழைப்பு வீணாகும் என்பதே இன்று என் கவலை. நம் கல்லூரியில் ஆசிரியப் பணியை நாடும் நண்பர்கள் பலர் உள்ளனர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் வகுப்பிலும் இத்தகைய குழந்தை ஒருத்தி வந்து அமர்வாள். அவள் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருங்கள்; பிறகு அவள் முகம் நோக்கிப் பேசுங்கள்.