ஒட்டுப்போட்ட டயரும் ஓட்டும் வேகமும்

வண்டி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அது தரையைத் தொடுவது உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகளால்தான். அவற்றுள் ஒன்று ஒட்டுப்போட்டதாக இருந்தால்? "பஞ்சர் ஒட்டிய டயரில் வேகமாகப் போகலாமா?" என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. இயற்பியல் மாணவன் என்ற முறையில் விடை காண முயல்கிறேன்.

சிறு வரலாறு

ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது பரவவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். சக்கரத்துக்குள் காற்று புகுந்த அன்றே பஞ்சரும் பிறந்துவிட்டது எனலாம்.

சுழற்சிக் கணக்கு

30 செ.மீ. ஆரமுள்ள டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 260 மடங்கு! விளிம்பிலுள்ள 10 கிராம் ரப்பர், 2.6 கிலோ எடை தொங்கவிட்டாற்போல் வெளிநோக்கி இழுபடுகிறது. வேகம் 50 கி.மீ. ஆனால் இந்த இழுப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மேலும், தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாவதால் இழுப்பு கணநேரம் தளர்ந்து மீண்டும் பற்றுகிறது. இவ்வாறு நொடிக்கு 15 முறை!

இருவகை ஒட்டு

இன்றைய கார்களில் டியூப் இல்லாத டயர்களே மிகுதி. சாலையோரக் கடைகளில் பசை தோய்த்த திரியை வெளியிலிருந்தே துளைக்குள் செருகிவிடுகிறார்கள். சில நிமிட வேலைதான். ஆனால் அதைப் பிடித்திருப்பது பசையும் உராய்வுமே. சுழற்சியோ அதை வெளியே இழுக்கிறது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, துளையை ரப்பர்த் தண்டால் அடைத்து, உட்புறம் ஒட்டுப்போடுவதே முறையானது. அந்த ஒட்டைக் காற்றழுத்தமும் சுழற்சியும் சேர்ந்து டயரின் உட்சுவரோடு அழுத்துகின்றன. வேகம் இங்கே ஒட்டுக்குப் பகையன்று, துணை!

அதற்கும் எல்லை உண்டு. தரையில் படும் பகுதியில், 6 மி.மீ. அளவுக்குட்பட்ட துளைக்கே இது பொருந்தும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் அங்கே ஒட்டு நிலைக்காது.

வெப்பமே உண்மைப் பகை

ரப்பர் வளைந்து மீளும்போது ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிறது. காற்று குறைந்தால் வளைவு மிகும். வேகம் கூடினால் நொடிக்கு வளையும் தடவைகள் மிகும். இரண்டும் சேர்ந்தால், ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலிழைக்கும் இடையே உள்ள பிணைப்பு தளர்ந்துவிடும். பஞ்சரானதை உணராமல் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், பக்கச்சுவரின் உட்புறம் நைந்து ரப்பர்த் தூள் உதிர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. பிற்பாடு ஒட்டு உறுதியாக நிற்கும், டயர் வெடிக்கும்! பழி ஒட்டின்மேல் விழும். ஆகவே, ஆணி குத்தியது எங்கே என்பதோடு, குத்திய பின் எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் கேட்க வேண்டும்.

பழுது பார்த்த டயர் எல்லாமே ஆபத்தானது என்பதும் தவறு. விமானங்களின் டயர்களே மேற்பகுதி புதுப்பிக்கப்பட்டுப் பலமுறை பயன்படுகின்றன. அங்கே ஒவ்வொரு முறையும் கடுமையான சோதனை உண்டு. அந்தச் சோதனைதான் பாதுகாப்பு தருகிறது.

நாம் செய்யத்தக்கவை

திரி செருகிய டயரில் நிதானமாக ஓட்டி, விரைவில் டயரைக் கழற்றி உட்புறம் சோதிக்கச் செய்யலாம். நெடும்பயணத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பார்க்கலாம். டயரின் பக்கத்தில் உள்ள எழுத்து அதன் வேக வரம்பைக் குறிக்கும்: எஸ் என்றால் 180 கி.மீ., எச் என்றால் 210 கி.மீ. அது பழுதில்லாத டயருக்கு உரியது. ஒட்டிய பின் அவ்வரம்பு செல்லாது எனக் கூறும் தயாரிப்பாளர்களும் உளர்.

டயரைக் கழற்றிப் பார்க்க அரைமணி நேரம் பிடிக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த அரைமணியைத் தருவோம். நண்பர்களின் உயிரைக் காப்போம்!