சிறிய கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்யும்?

பழைய சைக்கிள் ஒன்றைப் பாருங்கள். செயின் தேய்ந்திருக்கும். பிரேக் கட்டை கரைந்திருக்கும். டயர் வழுவழுப்பாகியிருக்கும். அது ஏன் முன்போல் ஓடவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இப்போது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை இயக்கிப் பாருங்கள். அதுவும் தள்ளாடும். ஆனால் அதற்குள் எது தேய்ந்தது? ஒரு கூட்டல் கணக்கை அது அன்று செய்த அதே வேகத்தில்தான் இன்றும் செய்கிறது. அப்படியிருக்க, அதை ‘மெதுவான கம்ப்யூட்டர்’ என்று ஏன் சொல்கிறோம்? எந்த வேலைக்கு அது போதும், எந்த வேலைக்குப் போதாது? ‘நெட்புக்’ என்னும் சிறிய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

நெட்புக் பிறந்த கதை

2007-ஆம் ஆண்டு தைவானைச் சேர்ந்த ஆசுஸ் நிறுவனம் ‘ஈ பிசி 701’ என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் திரை 7 அங்குலம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அமெரிக்காவில் அதன் 4 ஜிபி மாதிரியின் விலை 399 டாலர். அதே ஆண்டில், பள்ளிக் குழந்தைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ‘எக்ஸ்ஓ’ என்ற மடிக்கணினியும் உற்பத்தியாயிற்று. நூறு டாலருக்கு அதைத் தர வேண்டும் என்பது அதைத் திட்டமிட்ட நிக்கலஸ் நெக்ரோபான்டியின் குறிக்கோள். ஆனால் அடக்கவிலை இருநூறு டாலரை நெருங்கியது. தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாடு, 2009-ஆம் ஆண்டுக்குள் தன் அரசு ஆரம்பப் பள்ளி மாணவர்களுக்கு இக்கருவியை வழங்கியது.

2008-இல் இன்டெல் நிறுவனம் ‘ஆட்டம்’ என்ற சிக்கனமான பிராசஸரை வெளியிட்டதும், பல நிறுவனங்கள் நெட்புக் செய்யத் தொடங்கின. 2010-இல் ஐபேட் வந்தது. தட்டுக் கணினிகள் பெருகின. 2012-ஆம் ஆண்டின் முடிவோடு ஆசுஸ் நிறுவனமே நெட்புக் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதற்கு முன் விற்பனையான நெட்புக்குகள் ஏராளம்.

நான்கு அளவுகள்

எந்தக் கம்ப்யூட்டரையும் நான்கு அளவுகளால் எடைபோடலாம்.

முதலாவது, பிராசஸரின் வேகம். ஈ பிசி 701-இல் இருந்த பிராசஸர் 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு உரியது. ஆனால் அது 630 மெகாஹெர்ட்ஸில்தான் இயக்கப்பட்டது. அதாவது விநாடிக்கு 63 கோடித் துடிப்புகள். வேகத்தைக் குறைத்தால் மின்சாரச் செலவு குறையும், சூடும் குறையும். பேட்டரி நீடித்து உழைக்கும். ஒரு பேட்டரியில் 30 வாட்-மணி ஆற்றல் இருப்பதாகக் கொள்வோம். கருவி 10 வாட் செலவிட்டால் 3 மணி நேரம் ஓடும். 30 வாட் செலவிட்டால் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது, நினைவகம். இது நாம் படிக்கும் மேசையைப் போன்றது. வேலை நடக்கும்போது வேண்டிய புத்தகங்களெல்லாம் மேசைமேல் இருக்க வேண்டும். ஈ பிசி 701-இன் மேசை 512 மெகாபைட்.

மூன்றாவது, சேமிப்பகம். இது மேசைக்குப் பக்கத்திலுள்ள அலமாரி. அந்தக் கருவியில் இது 4 ஜிபி மட்டுமே. சுழலும் தட்டுக்குப் பதிலாக இதில் ஃபிளாஷ் சில்லுகள் இருந்தன. அசையும் பாகம் இல்லாததால் சிறு குலுக்கலை இது பொருட்படுத்தாது.

நான்காவது, திரையின் புள்ளிகள். அகலத்தில் 800, உயரத்தில் 480. பெருக்கினால் 3,84,000 புள்ளிகள். 1,024 புள்ளி அகலத்துக்கென அமைத்த பக்கத்தை இதில் படிக்க, இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருந்தது.

நான்கு ஜிபி சிறியதா?

ஒரு கணக்குப் போடுவோம். யூனிகோடு முறையில், யூடிஎஃப்-8 வடிவத்தில் சேமித்தால் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். ‘க’ என்பது ஒரு குறியீடு. ‘கா’ என்பது இரண்டு குறியீடு. ஆகவே 6 பைட். ஒரு பக்கத்தில் 1,000 குறியீடுகள் என்றால் 3,000 பைட். நூறு பக்கப் புத்தகம் 3 லட்சம் பைட். ஒரு ஜிபி என்பது ஏறக்குறைய 100 கோடி பைட். எனவே ஒரு ஜிபியில் இத்தகைய புத்தகங்கள் 3,333 அடங்கும்! ஒரு பள்ளி நூலகத்துக்கே அது போதும்.

ஒரு மணி நேர வீடியோ 1 ஜிபி என்று வைத்துக்கொண்டால், அதே இடம் ஒரே வீடியோவில் நிறைந்துவிடும். ஆகவே ‘4 ஜிபி போதுமா?’ என்ற கேள்விக்கு நேரடி விடை கிடையாது. ‘எதற்குப் போதுமா?’ என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஏன் தள்ளாடுகிறது?

கட்டுரை தட்டச்சு செய்தல், கணக்கு அட்டவணை, பாட்டுக் கேட்டல் ஆகிய வேலைகளுக்குச் சிறிய மேசை போதும். ஆனால் இன்றைய வலைப்பக்கம் வெறும் எழுத்து அன்று. படங்கள், வீடியோ ஆகியவற்றுடன் சிறு புரோகிராம்களும் அதில் ஏறி வருகின்றன. இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்தாலே மேசை நிறைந்துவிடும். அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? உடனே தேவைப்படாதவற்றை அலமாரிக்கு மாற்றி இடம் உண்டாக்கும். மறுபடி தேவையானால் எடுத்து வரும். அலமாரியோ மேசையைவிடப் பல மடங்கு மெதுவானது. இந்த ஓயாத நடைதான் நமக்குத் தள்ளாட்டமாகத் தெரிகிறது. கருவி தளரவில்லை, சுமைதான் கூடியது.

உண்மையில் தேய்பவையும் உண்டு. பேட்டரி, ஒவ்வொரு முறை மின்னேற்றம் செய்யும்போதும் சிறிது கொள்ளளவை இழக்கிறது. ஃபிளாஷ் சில்லின் ஒவ்வோர் அறையையும் குறிப்பிட்ட தடவைகள் மட்டுமே அழித்து எழுத முடியும்.

இன்னொரு தடையும் உள்ளது. ஆட்டம் என்270 போன்ற பிராசஸர்கள் 32-பிட் வகையைச் சேர்ந்தவை. புதிய மென்பொருள்கள் 64-பிட்டுக்கு மாறிவிட்டன. 2025-இல் வெளியான டெபியன் 13 லினக்ஸில் 32-பிட் பிசிகளுக்கான நிறுவி இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கருவியில் வங்கிக் கணக்கையோ முக்கியக் கடவுச்சொல்லையோ பயன்படுத்தக் கூடாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு எழுதவும் படிக்கவும் புரோகிராமிங் பழகவும் தடையில்லை.

எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள். எளிய எழுதும் புரோகிராமைத் தேர்ந்தெடுங்கள். எழுதியவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளையை அடைக்கும்படி மெத்தைமேல் வைக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை உபயோகிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கம்ப்யூட்டரில் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் பகுதியைத் திறவுங்கள். விண்டோஸில் இது ‘டாஸ்க் மேனேஜர்’ எனப்படும். எதுவும் திறக்காதபோது உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதும் புரோகிராம், ஒரு வலைப்பக்கம், ஐந்து வலைப்பக்கங்கள் என ஒவ்வொன்றாகத் திறந்து, அளவுகளை அட்டவணையாக எழுதுங்கள். எந்த வேலை எத்தனை மெகாபைட் கேட்கிறது என்று தெரியவரும். அதன் பின், ‘இது பழையது, தூக்கிப் போடு’ என்று யாராவது சொன்னால், உங்கள் அட்டவணையைக் காட்டிப் பேசலாம்.

கேள்விகள்

1. 200 பக்கத் தமிழ்ப் புத்தகங்கள் 4 ஜிபியில் எத்தனை அடங்கும்? பக்கத்துக்கு 1,000 குறியீடுகள் எனக் கொள்க.

2. 40 வாட்-மணி பேட்டரி உள்ள கருவி 5 மணி நேரம் ஓடினால், அது சராசரியாக எத்தனை வாட் செலவிடுகிறது?

3. நினைவகம் நிறைந்த பின் கம்ப்யூட்டரின் வேகம் ஏன் திடீரெனக் குறைகிறது?

விடைகள்: 1. சுமார் 6,666. 2. 8 வாட். 3. விடை கட்டுரையிலேயே இருக்கிறது; உங்கள் சொற்களில் எழுதுங்கள்.